கரைக்கு முன்னால் இறங்கவும்

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். அடுத்தவரைக் கேலி செய்யப் போகிறவன் தன் சட்டையிலுள்ள கிழிசலை முன்கூட்டியே காட்டிவிடுவது நல்லது.

நான் பெண் பார்க்கப் போன அன்று எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. பார்க்கப் போகிறவனுக்கு எதற்குப் படபடப்பு, பார்க்கப்படுகிறவளுக்கு அல்லவா வர வேண்டும் என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் என் நெஞ்சுக்கு அந்த நியாயம் தெரியவில்லை. அப்போது நான் திருப்பத்தூரில் ஒரு மருந்துக்கடையில் வேலை பார்த்தேன். கண்ணாடி அலமாரிக்கு உள்பக்கம் நிற்பவனுக்கு ஒரு திமிர் உண்டு: எந்த வியாதியானாலும் கை நீட்டினால் மருந்து. பதற்றத்தைத் தணிக்கும் என்று கம்பெனிக்காரர் புதிதாகக் கொண்டுவந்து கொடுத்திருந்த வெள்ளை மாத்திரையில் இரண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

கேசரி வந்தது. காப்பி வந்தது. பெண் வந்தாள், கும்பிட்டாள். நான் நாற்காலியில் உட்கார்ந்தபடியே உறங்கிப்போனேன். குறட்டை விட்டதாகப் பெண் வீட்டார் சொன்னார்கள். விடவே இல்லை என்று என் அம்மா கடைசிவரை சாதித்தாள். "பையன் ரொம்ப அமைதி. எங்க பொண்ணுக்கு இவ்வளவு அமைதி தாங்காது" என்று மறுநாள் ஆள் விட்டுச் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இத்தனைக்கும் பிறகு, அதே மாத்திரையை ஒரு பஸ் டிரைவருக்கு நான் சிபாரிசு செய்தேன் என்றால் என் அறிவின் அளவை நீங்களே கணித்துக்கொள்ளுங்கள்.

அந்த டிரைவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். அறுபத்தெட்டு, அறுபத்தொன்பதாம் வருஷ வாக்கில் காரைக்குடியிலிருந்து திருப்பத்தூருக்குக் காலையில் புறப்படும் ஒரு தனியார் பஸ்ஸை அவர் ஓட்டினார். நான் தினமும் வேலைக்குப் போனதும் அதில்தான். மூக்கு நீண்ட பழைய வண்டி. ரப்பர் பந்தை அமுக்கினால் கத்துகிற ஹாரன். காக்கிச் சட்டையின் காலருக்குள் ஒரு கைக்குட்டையை மடித்து வைத்திருப்பார். வண்டியை எடுப்பதற்கு முன்னால் பக்கத்துக் கண்ணாடியில் மீசையைச் சீவிக்கொள்வார். பெண்கள் ஏறும் வண்டி என்பதால் அல்ல, மாடுகள் பார்க்கும் வண்டி என்பதால் என்று கண்டக்டர் காதர் பாய் சொல்வார். ஏனென்றால் டிரைவர் வழிநெடுகப் பேசுவதெல்லாம் மாடுகளோடுதான். எதிரே மாட்டுவண்டி குறுக்கிட்டால் வண்டிக்காரனைத் திட்டமாட்டார். தலையை வெளியே நீட்டி, "ஒன்னையச் சொல்லலப்பா. மாட்டுக்கிட்டதான் சொல்றேன். ரோட்டப் பாத்து வரச் சொல்லு" என்பார். வண்டிக்காரனுக்குக் கோபித்துக்கொள்வதா, மாட்டிடம் சேதி சொல்வதா என்று தெரியாது. அதற்குள் பஸ் தாண்டிப் போயிருக்கும்.

அவரைப் பயந்தாங்கொள்ளி என்று யாராவது சொன்னால், அவர் குன்றக்குடிவரை வண்டி ஓட்டியதை அந்த ஆள் பார்த்ததில்லை என்று பொருள். லாரிக்கும் புளியமரத்துக்கும் நடுவில் ஒரு விரற்கடை இடமிருந்தால் அதில் பஸ்ஸை நுழைத்துவிடுவார். பின்னால் பாதிப் பேர் முருகனைக் கூப்பிடுவார்கள். மீதிப் பேர் அல்லாவை. அவர் மட்டும் வெற்றிலையை மென்றுகொண்டு முணுமுணுவென்று ஏதோ பாடிக்கொண்டிருப்பார்.

குன்றக்குடி தாண்டிக் கொஞ்ச தூரத்தில் ரோடு ஒரு பெரிய கண்மாயின் கரைமேல் ஏறும். ஒரு பக்கம் நீர், மறு பக்கம் பள்ளத்தில் வயல். கரை தொடங்கும் இடத்தில் ஒரு பனைமரம். பனையடிக்கு வந்ததும் பாட்டு நிற்கும், பஸ் நிற்கும், என்ஜினும் நின்றுவிடும்.

"எறங்குங்க."

அவ்வளவுதான். வண்டி மொத்தமும் இறங்கி, கரையின் மறுகோடிவரை நடக்க வேண்டும். அவர் காலி பஸ்ஸைத் தனியாக ஓட்டிக்கொண்டு வந்து, அக்கரையில் எங்களை ஏற்றிக்கொள்வார். மூட்டை முடிச்சு வண்டியிலேயே இருக்கலாம். ஆனால் உயிருள்ளது எதுவும் இருக்கக்கூடாது. ஆடு இறங்க வேண்டும். கூடையிலிருக்கும் கோழி இறங்க வேண்டும். ஒருமுறை ஒரு பெரியவர் மீன் குஞ்சுகளைப் பானைத் தண்ணீரோடு கொண்டுவந்தார். அதையும் இறக்கச் சொல்லிவிட்டார். "கண்மாயில விழுந்தா அதுக்கு நல்லதுதானேய்யா" என்று கேட்டுக்கொண்டே பெரியவர் பானையைத் தலையில் தூக்கி வைத்தார்.

"என் உசுரு வண்டியில வரட்டும். ஒங்க உசுரு ஒங்க கால்ல வரட்டும்" என்பதுதான் புதிதாக வந்து சண்டை பிடிப்பவர்களுக்கு அவர் சொல்லும் ஒரே விளக்கம். அதிகாரி ஒருவர், கோட்டுப் போட்டவர், இறங்கமாட்டேன் என்று அடம் பிடித்தார். தாம் யார் தெரியுமா என்று கேட்டார். டிரைவர் சாவியை எடுத்துக்கொண்டு போய்ப் பனையடியில் குந்திவிட்டார். வெயில் ஏற ஏறக் கோட்டு நனைந்தது. கடைசியில் அதிகாரியும் இறங்கி, எங்களோடு நடந்து, பாதி வழியில் என் கையிலிருந்த வெள்ளரிப்பிஞ்சில் ஒன்றை வாங்கித் தின்று, நல்ல பிஞ்சு என்று ஒத்துக்கொண்டார்.

ஆம், வெள்ளரிப்பிஞ்சு. ஊர் சும்மா இருக்குமா? எங்கள் நடையை நம்பிக் கரையில் வெள்ளரி, வேர்க்கடலை, நீர்மோர் எல்லாம் வந்துவிட்டன. கல்யாணத் தரகர் ஒருவர் அந்தப் பஸ்ஸில் வருவதே அந்த நடைக்காகத்தான். பெண்ணும் பிள்ளையும் நொண்டாமல் நடக்கிறார்களா என்று இரு தரப்பும் பார்த்துக்கொள்ளலாமாம். இப்படி அவரால் ஆதாயம் அடைந்துகொண்டே அவரைக் கேலி செய்தோம். "இறக்கி டிரைவர்" என்று பட்டப்பெயர் வைத்தோம். கேலிக்குத் தலைமை தாங்கியது திருப்பத்தூர்ச் சந்தைக்குக் கருவாடு கொண்டுபோகும் ஓர் அம்மாள். முட்டிவலிக்காரி. அவள் தினமும் இறங்கும்போது தன் முழங்காலைத் தட்டிக் காட்டுவாள்.

"ஏப்பா டிரைவரு, இந்த முட்டி ஒன்னைய என்னப்பா செஞ்சுச்சு?"

"எறங்குத்தா."

"ஆம்பளையா நீயி?"

"இல்லத்தா. எறங்கு."

நானும் என் பங்குக்குக் குறை வைக்கவில்லை. ஒருநாள் கரையில் நடக்கும்போது காதர் பாயிடம், "பாய், உங்க டிரைவரு வீட்டுல குளிக்கவாச்சும் தண்ணிகிட்ட போவாரா?" என்று கேட்டேன். காதர் பாய் எதற்கும் சிரிக்கிற மனிதர். அன்று சிரிக்கவில்லை. கரை நடுவில், புதுக் கல் அடுக்கிச் செப்பனிட்ட ஓர் இடத்தைக் கையால் காட்டினார்.

"இந்த எடந்தான், தம்பி, இவரு வண்டி விழுந்தது. நீங்க வர்றதுக்கு முன்னாடி. அன்னைக்கு மூணு நாளா மழ. கர உள்ளுக்குள்ள ஊறிப்போயிருந்துச்சு, யாருக்கும் தெரியல. பின் சக்கரத்துக்குக் கீழ மண்ணு போயிருச்சு. வண்டி மெதுவாத்தான் சாஞ்சுச்சு. அதான் மோசம். எல்லாருக்கும் கத்துறதுக்கு நேரம் இருந்துச்சு."

"நீங்க?"

"நான் உள்ள இருந்தேன். கண்ணாடிய ஒடச்சுக்கிட்டு வெளிய வந்த டிரைவரு, தண்ணிக்குள்ள திரும்பத் திரும்ப முங்கி உள்ள போயி இழுத்தாரு. என்னையும் அவருதான் இழுத்தாரு. ஏறுன எல்லாரும் எறங்கல, தம்பி."

கோர்ட்டில் குற்றம் மழையின்மேல் என்று தீர்ப்பாயிற்று. மழை அப்பீலுக்குப் போகவில்லை. டிரைவர்தான் தீர்ப்பை ஒத்துக்கொள்ளவில்லை. கொஞ்ச காலம் வீட்டிலேயே கிடந்தார். பிறகு வேலைக்கு வந்தார். எல்லா ரோட்டிலும் பழையபடி ஓட்டினார். கரைமேல் ஏறினால் மட்டும், முதுகுக்குப் பின்னால் ஓர் ஆள் இருமினாலும் கை ஸ்டீரிங்கோடு ஒட்டிக்கொண்டுவிடும். கண்ணெதிரே ரோடு தெரியாதாம். அன்றைய தண்ணீர்தான் தெரியுமாம். உயிருள்ள எதன் சத்தமும் பின்னால் கேட்கக்கூடாது என்று ஆடு கோழியையும் இறக்கியதன் ரகசியம் இதுதான்.

இதைக் கேட்டபின் நான் கேலியை நிறுத்தியிருப்பேன் என்று நினைப்பீர்கள். இரண்டு நாள் நிறுத்தினேன்.

ஊர் தன்னாலான வைத்தியம் எல்லாம் செய்து பார்த்திருந்தது. மந்திரித்த கயிறு, பள்ளிவாசலில் ஓதிய தாயத்து, பிள்ளையார்பட்டித் திருநீறு, யாரோ மலையிலிருந்து கொண்டுவந்த வேர் எல்லாம் ஸ்டீரிங் கம்பியில் தொங்கின. சாமிகளுக்குள் சண்டை வராமல் டிரைவர் எல்லோருக்கும் சமமாக ஒரே பூவைச் சாத்துவார். "வண்டி ஓட்டுறியா, கோயிலத் தள்ளிக்கிட்டுப் போறியா?" என்று கருவாட்டம்மாள் கேட்டாள். அவ்வளவு காவல் இருந்தும், பனையடி வந்தால் "எறங்குங்க"தான்.

சிக்கல் போட்டிக் கம்பெனி வடிவில் வந்தது. அதே ரோட்டில் இன்னொரு பஸ் ஓடத் தொடங்கியது. புதுசு. கண்ணாடிக்குக் கீழே 'நடக்க வேண்டாம்' என்று எழுதியே வைத்துவிட்டார்கள். எங்கள் பஸ்ஸில் கூட்டம் குறைந்தது. கரையில் வெள்ளரி விற்றவர்களுக்கே முகம் சுருங்கிவிட்டது. முதலாளி ஒருநாள் ஷெட்டுக்கு வந்து, எல்லோர் முன்னாலும் டிரைவரைக் கூப்பிட்டு நிறுத்தினார்.

"எங்கிட்ட இருக்கிறது பஸ்ஸா, தேரா? ஊரே கூட நடந்து வருது. மழை ஆரம்பிக்கிறதுக்குள்ள சரி பண்ணிக்க. நானே வந்து ஏறிப் பாப்பேன். ஆள ஏத்திக்கிட்டுக் கரையத் தாண்டலைன்னா சாவியக் குடுத்திட்டுப் போயிரு."

கண்மாய் இல்லாத வேறு ரோட்டுக்கு மாற்றிக் கொடுங்கள் என்று காதர் பாய் கேட்டுப் பார்த்தார். எங்கள் சீமையில் கண்மாய் இல்லாத ரோடு வேண்டுமானால் வானத்தில்தான் போட வேண்டும். முதலாளி அதைக் காதில் வாங்கவே இல்லை.

மறுநாள் டிரைவர் மருந்துக்கடை வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப்பையில் விட்டார், எடுத்தார், முதுகுக்குப் பின்னால் கட்டினார்.

"தம்பி, எனக்கு வேற தொழில் தெரியாது. ஸ்டீரிங்கு இல்லாட்டி இந்தக் கைய எங்க வைக்கிறதுன்னே தெரியல, பாத்தீகல்ல. பயத்துக்கு மருந்து இருக்குங்கிறாகளே, உண்மையா?"

இதைவிட நல்ல வாய்ப்பு என் திமிருக்கு எப்போது கிடைக்கும்? கடையை அடுத்திருந்த டாக்டரிடம் நானே கூட்டிப் போனேன். டாக்டர் கெட்டிக்காரர்தான். ஆனால் வாசலில் வரிசை நின்றால் அவர் காது வாசலிலேயே இருக்கும்.

"என்ன பயம்?"

"கண்மாய்ன்னா பயங்க."

"நீச்சல் தெரியுமா?"

"தெரியுங்க."

"அப்புறம் என்னய்யா பயம்?"

"அன்னைக்கும் தெரிஞ்சுச்சுங்க."

டாக்டர் மருந்துச் சீட்டை இழுத்துப் பேனாவைத் திறந்தார். நான் முந்திக்கொண்டு, புதிதாக வந்திருக்கிற வெள்ளை மாத்திரை, பிரமாதமாக வேலை செய்கிறது, நானே சாட்சி என்று சொன்னேன். எப்படிப்பட்ட சாட்சி என்று சொல்லவில்லை. மாமியார் கொடுமைக்கும் பரீட்சைப் பயத்துக்கும் அவர் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்த மாத்திரைதான். எழுதிக் கொடுத்தார். காலையில் ஒன்று, வண்டி எடுப்பதற்கு முன்.

மாத்திரை போட்ட முதல் நாளை நான் மறக்கமாட்டேன். பனையடி வந்தது, பஸ் நிற்கவில்லை. இறங்குவதற்காகப் பாதி எழுந்தவர்கள் அப்படியே தொங்கிக்கொண்டு நின்றார்கள். கரைமேல் ஏறி, ஆடுகள் கத்த, கோழிகள் கூவ, முழுப் பஸ்ஸும் அக்கரை சேர்ந்தது. கை தட்டினோம். நான் எழுந்து நின்று இரு பக்கமும் தலையை ஆட்டி அந்தக் கைதட்டலை வாங்கிக்கொண்டேன். கருவாட்டம்மாள்கூட, "மருந்துக்கடைத் தம்பி, ஒன் வாயி சும்மா வாயின்னு நெனச்சேன்" என்றாள். அப்போதே யோசித்திருக்க வேண்டும். டிரைவர் வெற்றிலை மெல்லவில்லை. பாடவில்லை. எதிரே வந்த மாட்டுவண்டியைப் பார்த்துப் புன்னகை செய்தார். வைக்கோல் வண்டி ஒன்று வைக்கோலில் பாதியை எங்கள் ஜன்னல்களில் விட்டுவிட்டுப் பள்ளத்தில் இறங்கியபோதும் அதே புன்னகை. ஒரு நிறுத்தத்தில் கை காட்டி நின்றவர்களுக்குத் திருப்பிக் கை காட்டிவிட்டுப் போனார். திருப்பத்தூர் பஸ் ஸ்டாண்டையும் தாண்டி மதுரை ரோட்டில் போய்க்கொண்டிருந்தவரை, காதர் பாய் விசில் கிழிய ஊதி நிறுத்தினார்.

"பயம் போயிருச்சு, தம்பி. கூடவே பிரேக்கும் போயிருச்சு" என்றார் என்னிடம். "நாளைக்கு இந்த மாத்திர உள்ள போச்சுன்னா நான் வண்டியில ஏறமாட்டேன்."

மறுநாள் மாத்திரை போடவில்லை. பனையடி. "எறங்குங்க."

"அண்ணே, நேத்துத்தான் ஜோராத் தாண்டுனீகளே?" என்றேன்.

"நானா தாண்டுனேன்? மாத்திரல்ல தாண்டுச்சு. மொதலாளிகிட்டச் சொல்லி அதுக்கே சம்பளத்தக் குடுக்கச் சொல்லுங்க" என்றார். பயம் அவருக்குள்ளேயே, ஒரு நாள் லீவு முடிந்து வந்த ஆள்போலப் பழைய இடத்தில் உட்கார்ந்துவிட்டது.

மறுபடி டாக்டரிடம் போனோம். இந்த முறை காதர் பாயும் வந்தார், என் வாயைப் பொத்துவதற்காக. டிரைவர் இரவில் படுப்பதே இல்லை, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடி விழித்திருப்பார், கண் அசந்தால் தண்ணீர் தண்ணீர் என்று எழுந்துவிடுவார் என்று அவர் வீட்டம்மா சொன்னதைக் காதர் பாய்தான் எடுத்துச் சொன்னார். நாங்கள் யாரும் கேட்டதே இல்லை. பகலில் அவர் எங்களை இறக்கிவிடுவதுதான் எங்களுக்கு வியாதியாகத் தெரிந்தது. டாக்டர் இந்தத் தடவை வாசலைப் பார்க்கவில்லை.

"ராத்திரிக்கு மட்டும் பாதி மாத்திரை. தூங்குறதுக்கு. பகல்ல கூடாது. பயம் வரட்டும், வர்றப்பவே ஓட்டுங்க. ஒரேயடியா வேணாம். கொஞ்சங் கொஞ்சமாப் பழக்குங்க."

"எதைங்க?"

"பின்னால சத்தம் கேக்குறத."

கொஞ்சங் கொஞ்சமாக என்று டாக்டர் சொன்னதை எங்கள் டிரைவர் எப்படி எடுத்துக்கொண்டார் தெரியுமா? மறுவாரம் தன் வீட்டிலிருந்து இரண்டு கோழிகளைக் கொண்டுவந்தார். எங்களையெல்லாம் இறக்கிவிட்டு, கோழிகளைக் கடைசி சீட்டில் வைத்துக் கட்டி, கரையைத் தாண்டினார். அக்கரையில் இறங்கியபோது காக்கிச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கோழிகள் நலமாக இருந்தன. ஒரு வாரம் கோழி. அவை அவருக்குப் பழகியதும் ஆடு. ஆட்டுக்காரன் சண்டைக்கு வந்துவிட்டான். "என் ஆட்ட வச்சா சோதன பண்றீக? அது செனையாட்டு, தெரியுமா? எதுனா ஆச்சுன்னா யாரு பொறுப்பு?" என்று கூச்சலிட்டான். அப்புறம் கரை தாண்டி வந்த ஆடு என்று அதைச் சந்தையில் பெருமையாகச் சொல்லி விற்றதும் அவன்தான்.

நாங்கள் சிரிக்காத நாளில்லை. "இன்னைக்கு யாரு பிரயாணம்? வெள்ளாடா, செம்மறியா?" என்று கரைநெடுகக் கேட்டுக்கொண்டு நடந்தோம். அவர் காது கேளாதவர்போல ஓட்டினார். ஆனால் இரவில் தூங்கினார். தூங்கியதால் பகலில் பயப்படுவதற்கும் ஒரு தெம்பு வந்தது போலும். ஆடு கத்தினால் பாதிக் கரையில் பஸ் நின்றுவிடும். ஆரம்பத்தில் காதர் பாய் அந்த இடத்துக்கு ஓடிப்போய் அவர் விரல்களை ஸ்டீரிங்கிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. இப்போது நின்று, மூச்சு வாங்கி, தானாகவே நகர்ந்தது.

ஆட்டுக்குப் பிறகு யார் என்ற கேள்வி வந்தபோது, காதர் பாய் ஒரு காலை எங்களோடு இறங்கவில்லை. கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தார். அந்தத் தண்ணீரிலிருந்து இழுக்கப்பட்ட ஆள் அவர். டிரைவர் திரும்பிப் பார்த்தார். வண்டியை எடுத்தார். அக்கரையில் டிரைவர் இறங்கி, ரோட்டோரத்தில் வாந்தியெடுத்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு, எங்களை அவசரப்படுத்த ஹாரன் அடித்தார். "என்ன பாய், எப்படி இருந்துச்சு?" என்று நான் கேட்டேன். "நான் கண்ண மூடிக்கிட்டேன், தம்பி. அவரு தொறந்துதான் வச்சிருந்தாருன்னு நம்புறேன்" என்றார்.

கரை அவருக்கு அந்த அளவுக்குத்தான் வழிக்கு வந்திருந்தது. ஒரே ஒரு ஆள்வரை. அதற்குள் மழை வந்துவிட்டது. முதலாளியும் வந்துவிட்டார்.

பட்டுச் சட்டை, கையில் குடை. முன்சீட்டில் ஏறி, டிரைவரின் கையைப் பார்த்தபடி உட்கார்ந்தார். சந்தை நாள், மற்ற பஸ்ஸில் இடமில்லாததால் எங்கள் பஸ்ஸும் நிறைந்திருந்தது. குன்றக்குடிவரை டிரைவர் பாடவில்லை, மாடுகளோடும் பேசவில்லை. பனையடியில் வழக்கம்போல நின்று என்ஜினை அணைத்தார். கண்மாய் கரை தொட்டு நிரம்பியிருந்தது. மழைத் தூறலில் ஈரமண் வாசனை வண்டிக்குள் வந்தது. டிரைவர் சீட்டிலிருந்து எங்கள் பக்கம் திரும்பினார். முகம் வெளுத்திருந்தது.

"யாரும் எறங்க வேணாம். நான் ஓட்டிருவேன்."

இத்தனை வருஷமும் இந்த வார்த்தையைக் கேட்கத்தான் அவரைக் கிண்டல் செய்தோம் அல்லவா? பின்சீட்டில் ஒருவர் மெதுவாக எழுந்தார். ஒன்றுக்கு வருகிறது என்றார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவருக்கும் அதே. ஒரு தாய் குழந்தைக்குக் காற்று வேண்டும் என்றாள். பொல்லாத காற்று, மழையில்! தரகர் குடையை விரித்துவிட்டுப் பிறகுதான் இறங்கினார். வண்டிக்குள்ளேயே விரித்துவிட்டார். பஸ் காலியாகிக்கொண்டே வந்தது. எல்லோரும் முதலாளியைப் பார்த்தோம். அவர் தொண்டையைச் செருமினார்.

"நீ ஓட்டுப்பா. நான் சும்மா காலை நீட்டிக்கிட்டு வர்றேன். சர்க்கரைக்கு நடக்கச் சொல்லியிருக்காக."

அவர் பட்டுச் சட்டையோடு சேற்றில் கால் வைத்தார்.

நான் என்ன செய்தேன் என்று கேட்கமாட்டீர்கள் என்று நம்பினேன். கேட்கிறீர்கள். நான் எப்போது இறங்கினேன் என்று எனக்கே நினைவில்லை. கீழே நின்றபோது, வெள்ளரிப்பிஞ்சு வாங்கத்தான் இறங்கினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மழைக்காலத்தில் வெள்ளரி ஏது?

வண்டியில் மிஞ்சியது காதர் பாயும், கருவாட்டம்மாளும்.

"நீ எறங்கலையாத்தா?" என்று டிரைவர் கேட்டது எங்களுக்குக் கேட்டது.

"எறங்கச் சொன்னப்ப எறங்குனேன். இருக்கச் சொன்னா இருக்கேன். என்னால மாத்தி மாத்தி ஏறி எறங்க முடியாதுப்பா, முட்டி என்னதா, ஒன்னதா?"

"போலாம் ரைட்!" என்றார் காதர் பாய்.

பஸ் கரையேறியது. நாங்கள் ஓரமாக ஒதுங்கி அதன் பின்னால் நடந்தோம். முதலாளி வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எனக்கு முன்னால் போனார். புதுக் கல் அடுக்கிய இடம் வந்ததும் பஸ் நின்றது. நாங்களும் நின்றோம். யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை. மழை பஸ் கூரையில் விழும் சத்தம் மட்டும். டிரைவர் ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. மழையில் நனைந்துகொண்டு சும்மா தொங்கியது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. சாவி போயிற்று என்று முதலாளி முணுமுணுத்ததாக ஞாபகம்.

அப்போது உள்ளேயிருந்து கருவாட்டம்மாளின் குரல் கண்மாய் முழுக்கக் கேட்டது.

"ஏப்பா, இங்குட்டு என்ன வேடிக்க? ஜன்னல் வழியாத் தண்ணி அடிக்குது, கருவாடு ஊறுது. எடு வண்டிய!"

கை உள்ளே போனது. கியர் கரகரத்தது. பஸ் நகர்ந்தது. அக்கரைவரை அந்த அம்மாள் திட்டுவது நிற்கவில்லை. அதைக் கேட்டபடியே அவர் ஓட்டினார்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வண்டி ரோட்டோரம் என்ஜின் ஓடியபடி நின்றிருந்தது. முதலாளி சேற்றுக் காலைப் புல்லில் தேய்த்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் ஏறி முன்சீட்டில் உட்கார்ந்தார். சாவியைப் பற்றிப் பேச்சே எழவில்லை. எப்படி எழும்? டிரைவர் பீடி பற்றவைக்க முயன்றுகொண்டிருந்தார். தீக்குச்சி பீடியின் நுனிக்கு இப்புறமும் அப்புறமும் ஆடியது. மூன்றாவது குச்சியில் பற்றிக்கொண்டது. மற்றவர்கள் ஏறும்வரை என் வாய் சும்மா இருக்குமா? ஜன்னலுக்குக் கீழே போய் நின்று, பெரிய வைத்தியன் தோரணையில் கேட்டேன்.

"என்னண்ணே, பயம் சுத்தமாப் போயிருச்சா?"

அவர் புகையை விட்டார். என் முழங்கால்வரை அப்பியிருந்த சேற்றைப் பார்த்தார்.

"அத நடந்து வந்த ஆளு கேக்கக் கூடாது, தம்பி."